ஜாம்பியாவின் செம்பு: அரசு கையில் இருந்தால் அது சோஷலிசமா?

கிட்வேவாசி எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். போன வாரம் வேறொரு இழையில் ஒருவர், "ஆப்பிரிக்கா மார்க்சியத்தை நம்பிக் கெட்டது, முதலாளித்துவம் வந்த பிறகுதான் மூச்சு விடுகிறது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டுப் போனார். நாலைந்து பேர் ஆமாம் போட்டிருந்தார்கள். நான் பதினொரு வருடமாக ஜாம்பியாவின் செம்புச் சுரங்கப் பகுதியில், கிட்வே ஊரில், எந்திரப் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். அந்த வரி எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகளை ஒரே மூட்டையில் கட்டாமல் ஒரு நாட்டை, ஒரு உலோகத்தை எடுத்துப் பேசலாமா?

சுருக்கமாகக் கதை இது. 1964 அக்டோபர் 24-ல் பிரிட்டனிடமிருந்து ஜாம்பியாவுக்கு விடுதலை. அன்றைக்கு நாட்டில் பட்டதாரிகள் நூறு பேர் சொச்சம். சுரங்கங்கள் ஆங்கிலோ அமெரிக்கன், ரோன் செலக்ஷன் டிரஸ்ட் என்ற இரண்டு கம்பெனிகளின் கையில். 1969 ஆகஸ்டில் ஜனாதிபதி கென்னத் கவுண்டா அவற்றில் 51 சதவீதம் அரசுக்கு என்று அறிவித்தார். 1982-ல் எல்லாவற்றையும் சேர்த்து இசட்.சி.சி.எம் என்ற ஒரே அரசு நிறுவனம் ஆக்கினார்கள். 1991 தேர்தலில் கவுண்டா தோற்றார். 1997 முதல் 2000 வரை சுரங்கங்களைத் துண்டு துண்டாக விற்றார்கள். 2020 நவம்பரில் நாடு கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்தது.

என் பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். 27 வருடம் சுரங்கத்துக்குள் இறங்கி ஏறியவர். இசட்.சி.சி.எம் அடையாள அட்டையை இன்னும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறார். "என் மூன்று பிள்ளைகளும் சுரங்க ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள். ஒரு காசு கேட்கவில்லை" என்பார். அதே மூச்சில், "ஆனால் கட்சிக்காரனுக்கு எதிராக வாயைத் திறந்தால் வேலை போய்விடும்" என்றும் சொல்வார். இந்த இரண்டையும் சேர்த்து எப்படிப் புரிந்துகொள்வது என்பதுதான் என் கேள்வி.

---

அருண்மொழி எழுதியது:

நல்ல இழை, கிட்வேவாசி. போன வாரம் ஆமாம் போட்டவர்களில் நானும் ஒருவன். அதனால் பதில் சொல்லும் கடமை எனக்கு உண்டு.

எண்களைப் பாருங்கள். 1969-ல் ஜாம்பியா எடுத்த செம்பு சுமார் 7,20,000 டன். முப்பது வருடம் கழித்து, விற்று முடித்த சமயத்தில், அது ஏறக்குறைய இரண்டரை லட்சம் டன்னுக்கு இறங்கியிருந்தது. பூமிக்குள் செம்பு தீர்ந்துவிடவில்லை. எந்திரத்தில் போட வேண்டிய பணத்தை அரசு வேறு எங்கோ செலவழித்தது. புதிய குழி தோண்டவில்லை, பழையதைப் பழுது பார்க்கவில்லை.

பக்கத்து நாடான தான்சானியாவில் ஜனாதிபதி நைரேரே 1967-ல், நாடு சோஷலிசப் பாதையில் போகும் என்று அருஷா பிரகடனம் செய்தார். நல்ல மனிதர், தனக்கென்று எதையும் சேர்க்காதவர், மறுக்கவில்லை. ஆனால் 1973-க்குப் பிறகு லட்சக்கணக்கான விவசாயிகளை லாரியில் ஏற்றி உஜாமா என்ற கூட்டு வாழ்க்கைக் கிராமங்களுக்குக் கொண்டுபோய் இறக்கினார்கள். போக மறுத்தவர்களின் குடிசைகளை எரித்த இடங்களும் உண்டு. எத்தியோப்பியாவில் மார்க்சியத்தின் பெயரால் ஆண்ட டெர்க் ராணுவக் குழு 1977, 78-ல் தெருவில் நடத்திய கொலைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எதிர்ப்பக்கம் போட்ஸ்வானா. 1967-ல் வைரம் கிடைத்தது. டி பியர்ஸ் கம்பெனியை விரட்டாமல் கூட்டுச் சேர்ந்தார்கள், வந்த பணத்தைக் கணக்கு வைத்துச் செலவழித்தார்கள். விடுதலையின்போது பரம ஏழை நாடு, இன்று கண்டத்தின் வசதியான நாடுகளில் ஒன்று. வேறென்ன சாட்சி வேண்டும்?

---

செங்காந்தள் எழுதியது:

அருண்மொழி, நான் மார்க்சியத்தை நம்புகிறவள். அதனாலேயே டெர்க்கையும் உஜாமாவின் கட்டாயக் குடியேற்றத்தையும் நியாயப்படுத்த மாட்டேன். உழுகிறவனைக் கேட்காமல் அவன் குடிசையைப் பிரிப்பதற்கு எந்தப் பெயர் வைத்தாலும் அது அவன் மீது நடக்கும் வன்முறைதான்.

ஆனால் ஜாம்பியாவின் கணக்கில் பாதியை விட்டுவிட்டீர்கள். முதலில், கவுண்டா மார்க்சியரே இல்லை. அவர் தன் கொள்கைக்கு வைத்த பெயர் மனிதநேயம். கிறிஸ்தவமும் கிராமத்துக் கூட்டு வாழ்க்கையும் கலந்த ஒன்று. வர்க்கப் போராட்டம் என்ற பேச்சே அவருக்குப் பிடிக்காது.

இரண்டாவது, 51 சதவீதத்தை அவர் பறிக்கவில்லை. விலை பேசி, கடன் பத்திரம் கொடுத்து வாங்கினார். பங்கு அரசுக்கு வந்தது. நிர்வாகமும் விற்பனையும் ஒப்பந்தம் மூலம் அதே பழைய கம்பெனிகளிடமே இருந்தன. வீட்டுப் பத்திரம் உங்கள் பெயரில், சாவி அவர்கள் இடுப்பில். அந்த ஒப்பந்தத்திலிருந்து விடுபட 1973-ல் வெளியில் கடன் வாங்கிப் பத்திரங்களை முன்கூட்டியே அடைத்தார்கள். அடுத்த வருடம் என்ன ஆயிற்று? 1974 ஏப்ரலில் உச்சத்தில் இருந்த செம்பு விலை, வருடம் முடிவதற்குள் பாதிக்கும் கீழே விழுந்தது. எண்ணெய் விலை அதற்கு முன்பே ஏறிவிட்டது. ஏற்றுமதி வருமானத்தில் 90 சதவீதத்துக்கு மேல் ஒரே உலோகத்திலிருந்து வரும் நாடு அது. அந்த விலை லண்டன் உலோகச் சந்தையில் முடிவாகிறது. தலைநகர் லுசாகாவில் யார் நாற்காலியில் உட்கார்ந்தாலும் அந்த விலையில் ஒரு பைசா மாற்ற முடியாது.

போட்ஸ்வானா உங்கள் வாதத்துக்கு உதவாது. டெப்ஸ்வானா வைரக் கம்பெனியில் அரசுக்குச் சரிபாதிப் பங்கு. கனிமம் முழுக்க அரசுடைமை என்று விடுதலை ஆன கையோடு சட்டம் போட்டார்கள். ஜனாதிபதி செரெட்சே காமா தன் சொந்த இனக்குழுவின் கனிம உரிமையையும் விட்டுக்கொடுக்க வைத்தார். இதைச் சந்தையின் வெற்றி என்று எப்படிச் சொல்வது?

---

வன்னியூரான் எழுதியது:

என்னிடம் கோட்பாடு இல்லை, சின்ன வயது ஞாபகம்தான் இருக்கிறது. எழுபதுகளில் ஜாம்பியாப் பள்ளிக்கூடங்களுக்கு இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் நிறைய ஆசிரியர்கள் போனார்கள். என் அப்பாவும் அப்படிப் போனவர். செம்புப் பட்டணமான லுவான்ஷாவில் கணிதம் படிப்பித்தார். நான் அங்கேதான் வளர்ந்தேன்.

1986 டிசம்பரில் எனக்கு ஒன்பது வயது. அந்த ஊரில் சாப்பாடு என்றால் நிஷிமா, எங்கள் களி மாதிரி, வெள்ளைச் சோள மாவில் கிண்டுவது. மாவு இரண்டு வகை. நன்றாகத் தீட்டி அரைத்தது பிரேக்ஃபாஸ்ட் மாவு. ஏழைகள் வாங்குகிற தவிட்டு மாவுக்குப் பெயர் ரோலர் மாவு. பன்னாட்டு நிதியத்தின் (ஐ.எம்.எஃப்) நெருக்குதலில் அரசாங்கம் பிரேக்ஃபாஸ்ட் மாவுக்கான மானியத்தை நிறுத்தியது. விலை ஒரே நாளில் இரண்டு மடங்குக்கு மேல் போனது. ரோலர் மாவு பழைய விலைதான் என்று வானொலியில் சொன்னார்கள். ஆனால் மில்காரர்களுக்கு அதற்கான மானியப் பணம் வரும் என்று நம்பிக்கை இல்லை, அரைப்பதை நிறுத்திவிட்டார்கள். ஏழைகளின் மாவு கடையிலேயே இல்லை.

அம்மாவோடு வரிசையில் நின்றேன். எங்களுக்கு முன்னால் ஒரு பெண், முதுகில் துணியால் கட்டிய குழந்தை. கடைக்காரர் கதவை இழுத்து மூடியபோது அவர் கத்தவில்லை, அழவும் இல்லை. வெறும் சாக்கை நான்காக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார். அன்று இரவு எங்கள் தெருவில் கண்ணாடி உடைகிற சத்தம். செம்புப் பட்டணங்கள் முழுக்கக் கலவரம், பதினைந்து பேர் வரை செத்தார்கள். கவுண்டா விலையைத் திரும்ப இறக்கினார். 1987 மே மாதம் நிதியத்தோடு உறவை முறித்து, கடனுக்கு இனி ஏற்றுமதியின் நிகர வருமானத்தில் பத்தில் ஒரு பங்குதான் என்றார். இரண்டு வருடத்தில் திரும்பவும் நிதியத்திடமே போக வேண்டி வந்தது.

கலவரத்துக்கு அடுத்த வருடம் அப்பாவின் ஒப்பந்தம் முடிந்து நாங்கள் கிளம்பிவிட்டோம். அந்தப் பெண்ணின் முகம் மறந்துவிட்டது, மடித்த சாக்கு மட்டும் ஞாபகம் இருக்கிறது.

---

அருண்மொழி எழுதியது:

வன்னியூரான் அண்ணா, படித்துவிட்டு உடனே பதில் எழுத முடியவில்லை.

இருந்தாலும் ஒன்றைக் கேட்டாக வேண்டும். நகரத்தில் மாவு மலிவாகக் கிடைக்க, கிராமத்தில் சோளம் விளைவித்தவனுக்கு எவ்வளவு கொடுத்தார்கள்? கொள்முதல் விலையை வருடக்கணக்கில் அடக்கி வைத்தது அதே அரசுதான். சுரங்கத் தொழிலாளி வயிற்றுக்காக விவசாயி வயிற்றில் கை வைத்தார்கள். அவனுக்குச் சங்கமும் இல்லை, கலவரம் செய்ய நகரமும் இல்லை.

---

செங்காந்தள் எழுதியது:

இதை நான் மறுக்க மாட்டேன். ஆப்பிரிக்க இடதுசாரிகள் பலர் தொழிலாளியைப் பற்றி எழுதிய அளவுக்கு விவசாயியைப் பற்றி எழுதவில்லை. எங்கள் பக்கத்துக் குறை அது.

---

கிட்வேவாசி எழுதியது:

நைட் ஷிப்ட், இப்போதுதான் படித்தேன். தனியார்மயத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் அதன் மிச்சத்தில்தான் நான் வேலை பார்க்கிறேன்.

1991-ல் கவுண்டாவைத் தோற்கடித்த ஃபிரெடரிக் சிலுபா யார்? தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவர். 1981 வேலைநிறுத்தங்களின்போது கவுண்டா அவரைச் சிறையில் போட்டிருந்தார். சுரங்கத் தொழிலாளிகள் "நம்ம ஆள்" என்று அள்ளிக் குத்தினார்கள், நாலில் மூன்று பங்கு ஓட்டு. அந்தச் சங்கத் தலைவரின் ஆட்சியில்தான் சுரங்கங்கள் விற்கப்பட்டன. அப்போது செம்பு விலை பாதாளத்தில், உதவி தரும் நாடுகள் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன. விற்கிறவனுக்கு அவசரம், வாங்குகிறவனுக்கு இல்லை. வாங்கிய கம்பெனிகளோடு போட்ட ஒப்பந்தங்களில் கனிம உரிமத் தொகை, அதாவது எடுக்கும் கனிமத்துக்காக அரசுக்குக் கட்டுவது, பல இடங்களில் வெறும் 0.6 சதவீதம். அதையும் பல வருடம் மாற்றக்கூடாது என்ற நிபந்தனை வேறு.

கொங்கோலா சுரங்கத்தை 2000-ல் ஆங்கிலோ அமெரிக்கன் திரும்ப வாங்கி, 2002-ல் லாபம் இல்லை என்று விட்டுவிட்டுப் போனது. 2004-ல் வேதாந்தா 51 சதவீதத்தை 2.5 கோடி டாலருக்கு எடுத்தது. அடுத்த ஓரிரு வருடத்தில் செம்பு விலை மளமளவென்று ஏறியது. அதற்கு ஏற்ற வரி போட 2008-ல் முயன்றார்கள். விலை இறங்கியதும் அடுத்த வருடமே எடுத்துவிட்டார்கள். 2014-ல் வேதாந்தா தலைவர் அனில் அகர்வால் பெங்களூரில் பேசிய காணொளி இங்கே பரவியது. 2.5 கோடிக்கு வாங்கிய சுரங்கம் வருடத்துக்கு 50 கோடி டாலருக்குக் குறையாமல் தருகிறது என்ற பேச்சு. ஜாம்பியா கொதித்துப் போனது.

அப்புறம் பெரியவர் சொன்ன ஆஸ்பத்திரி. இசட்.சி.சி.எம் காலத்தில் சுரங்கம்தான் ஊர். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், குழாய்த் தண்ணீர், குப்பை வண்டி, கால்பந்துக் குழு எல்லாம் அதன் பொறுப்பு. வாங்கியவர்கள் இது எங்கள் தொழில் இல்லை என்றார்கள். ஆயிரக்கணக்கில் ஆட்களைக் குறைத்தார்கள். இன்று குழிக்குள் இறங்குகிறவர்களில் பெரும் பங்கு ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஒரே எந்திரத்தில், ஒரே ஷிப்டில், எனக்கு இடப்பக்கம் நிற்பவன் நிரந்தரம், வலப்பக்கம் நிற்பவன் ஒப்பந்தம். வலப்பக்கத்தவனுக்குச் சம்பளம் பாதிகூட இல்லை. அவன் பூட்ஸின் அடி பிளந்திருக்கும், கம்பியால் கட்டியிருப்பான். நான் இரண்டு தடவை மேலே எழுதிக் கொடுத்தேன், பதில் வரவில்லை.

நேர்மையாக மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். முபுலிராவில் உருக்காலையை ஒட்டிய காங்கோயோ குடியிருப்பில் கந்தகப் புகைக்கு ஜனங்கள் வைத்த பெயர் சென்டா. தொண்டையில் மிளகாய்ப்பொடி போட்ட மாதிரி பிடிக்கும். அந்தப் புகை அரசு காலத்திலும் அதே மாதிரிதான் வந்தது. பெரிய அளவில் அதைப் பிடித்து அமிலமாக்கும் வசதி 2014 வாக்கில் தனியார் கம்பெனி பணம் போட்ட பிறகுதான் வந்தது. பத்து வருடத்துக்கு மேல் ஜனங்கள் இருமிய பிறகு வந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

---

முத்துநகர் எழுதியது:

நான் தூத்துக்குடி. இந்த இழையில் வேதாந்தா பெயரைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

வேதாந்தாவின் சுரங்கம் இருக்கும் சிங்கோலா பக்கம் காஃபூவே ஆற்றை ஒட்டிய கிராமத்து மக்கள் 1,826 பேர், ஆறும் நிலமும் கெட்டுவிட்டது என்று லண்டனில் வழக்குப் போட்டார்கள். ஜாம்பியாவில் நடந்ததற்கு இங்கிலாந்தில் எப்படி வழக்கு என்று கம்பெனி வாதாடியது. 2019 ஏப்ரலில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், தாய்க் கம்பெனி மீது இங்கே வழக்கு நடத்தலாம் என்று தீர்ப்புச் சொன்னது. 2021-ல் பொறுப்பை ஏற்காமலே கம்பெனி சமரசம் செய்துகொண்டது.

எங்கள் ஊரில் 2018 மே 22-ல் வேதாந்தாவின் ஸ்டெர்லைட் செம்பு ஆலையை மூடச் சொல்லி ஊர்வலம் போனவர்கள் மீது போலீஸ் சுட்டதில் 13 பேர் போய்விட்டார்கள். ஆலையைத் திறக்கக் கேட்ட மனுவை 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. எங்கள் ஊருக்கும் அந்த ஊருக்கும் நடுவில் கடல். எங்களைச் சுட்டது அரசாங்கத்தின் போலீஸ். அதனால் தனியாரை அரசு கட்டுப்படுத்தும் என்று யாராவது எழுதினால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அந்த அரசை யார் கட்டுப்படுத்துவது?

---

இளவேனில் எழுதியது:

கல்லூரி மாணவி, புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். இரண்டு சந்தேகம். சீனா ஜாம்பியாவில் செய்வது சோஷலிச உதவியா, முதலீடா? இன்னொன்று, இவ்வளவு பெரிய தொழிலாளர் பட்டாளம் உள்ள நாட்டில் சோஷலிஸ்ட் கட்சிக்கு ஏன் ஓட்டே விழவில்லை? 2021-ல் அதன் வேட்பாளர் ஃபிரெட் மெம்பே 1 சதவீதம்கூட வாங்கவில்லையே.

---

வன்னியூரான் எழுதியது:

தங்கச்சி, முதல் கேள்விக்கு ஒரு ரயிலில் இருந்து தொடங்கலாம். 1965-ல் ரொடீசியாவின் (இன்றைய ஜிம்பாப்வே) வெள்ளையர் ஆட்சி தன்னிச்சையாக விடுதலை அறிவித்த பிறகு, கடலே இல்லாத ஜாம்பியாவுக்குத் தெற்கு வழி ஆபத்தாகிவிட்டது. மேற்கத்திய நாடுகள் வேறு ரயில்பாதை லாபம் தராது என்று கைவிட்டன. சீனா வட்டி இல்லாக் கடன் கொடுத்து, 1970-ல் தொடங்கி தார் எஸ் சலாம் முதல் கபிரி ம்போஷி வரை 1,860 கிலோமீட்டர் டசாரா பாதையைப் போட்டது. சீனாவும் அன்று ஏழை நாடுதான். நாங்கள் குடும்பமாக ஒரு தடவை அதில் போனோம், இரண்டு இரவு.

தென்னாப்பிரிக்க விடுதலை இயக்கத்துக்கு லுசாகாவில் இடம் கொடுத்ததற்காகவும் ஜாம்பியா பெரிய விலை கொடுத்தது. வெறும் டன் கணக்குப் பார்க்கிறவர்கள் அதையும் செலவில் எழுத வேண்டும்.

---

செங்காந்தள் எழுதியது:

டசாரா போட்ட சீனா வேறு, 1998-ல் சாம்பிஷி சுரங்கத்தை வாங்கிய சீனா வேறு. 2005-ல் சாம்பிஷி வெடிமருந்து ஆலை வெடித்து நாற்பதுக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் செத்தார்கள். 2010-ல் கொல்லம் நிலக்கரிச் சுரங்கத்தில் சம்பளம் கேட்டுக் கூடிய தொழிலாளிகள் மீது சீன மேற்பார்வையாளர்கள் துப்பாக்கியால் சுட்டார்கள். (பெயர் மட்டும் நம் கொல்லம் மாதிரி, ஊர் ஜாம்பியாவின் தெற்கே.) செங்கொடி ஏற்றிய நாட்டின் முதலீடு என்பதால் குண்டு வலிக்காமல் இருக்காது. அது முதலீடுதான், லாபத்துக்காக வருவது.

இரண்டாவது கேள்விதான் கஷ்டமானது. அந்த மண்ணில் தொழிலாளர் போராட்டம் கட்சிகளுக்கு முன்பே தொடங்கியது. 1935-ல் பிரிட்டிஷ் ஆட்சி தலைவரியை (ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கும் வரி) உயர்த்தியதற்கு எதிராக வேலைநிறுத்தம், லுவான்ஷாவில் ஆறு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1940-ல் கிட்வேயின் நிகானா சுரங்கத்தில் பதினேழு பேர். 1949-ல் சங்கம் பிறந்தது. விடுதலைக்கு முன் அவ்வளவு உயிரோட்டமான சங்கம். ஆனால் விடுதலைக்குப் பிறகு கவுண்டா என்ன சொன்னார்? சுரங்கம் இப்போது உங்களுடையது, உங்களுக்கு எதிராக நீங்களே எப்படி வேலைநிறுத்தம் செய்வீர்கள் என்ற தர்க்கம். 1972 முடிவில் ஒரே கட்சி ஆட்சி. பெரியவர் சொன்ன "வாயைத் திறந்தால் வேலை போகும்" அதுதான். இருபது வருடம் சோஷலிசம் என்ற சொல்லை மேலதிகாரியின் வாயிலிருந்தே கேட்டவன், அது போன அன்று சிலுபாவுக்கு ஓட்டுப் போட்டான். அவனை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தச் சொல்லின் மீது ஏறிய கறையைத்தான் மெம்பே இன்று சுமக்கிறார்.

என் கருத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன், முத்துநகருக்கும் இதுதான் பதில். பத்திரம் அரசின் பெயருக்கு மாறுவது மட்டும் போதாது. குழிக்குள் இறங்குகிறவனுக்கு வேலையை நிறுத்தும் உரிமையும், கணக்கைப் பார்க்கும் உரிமையும், ஆற்றங்கரையில் இருக்கிறவனுக்கு வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் இல்லாத இடத்தில், முதலாளி கம்பெனியா கட்சியா என்பது தொழிலாளிக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. ஆப்பிரிக்க சோஷலிசங்களில் பல இங்கேதான் உடைந்தன. விலை வீழ்ச்சியும் கடனும் வெளியிலிருந்து அடித்தபோது தாங்கிப் பிடிக்க உள்ளே யாரும் இல்லை. அவர்களைத்தான் ஏற்கெனவே வாயை மூடி உட்கார வைத்தாயிற்றே.

---

அருண்மொழி எழுதியது:

தோழர், கணக்கைப் பார்க்கும் உரிமை என்பதில் உங்களோடு முழுமையாக நிற்கிறேன். இது எனக்குக் கட்சிப் பிரச்சினை இல்லை. 2021-ல் மொபானி சுரங்கத்தை கிளென்கோர் ஒரு டாலருக்கு அரசிடம் கொடுத்தபோது, கூடவே 150 கோடி டாலர் கடனும் வந்தது. மக்கள் சொத்து திரும்பி வந்தது என்று அரசு கொண்டாடியது. 2024-ல் அதன் 51 சதவீதம் அபுதாபி நிறுவனத்துக்குப் போனது. கொங்கோலாவை 2019-ல் வேதாந்தாவிடமிருந்து எடுத்தார்கள். அடுத்து வந்த ஜனாதிபதி ஹிச்சிலேமாவின் அரசு அதே வேதாந்தாவிடம் 2024-ல் திரும்பக் கொடுத்தது, 100 கோடி டாலர் முதலீடு வரும் என்ற வாக்குறுதியோடு. ஐந்து வருடத்தில் எத்தனை கை மாறல்! ஒவ்வொரு தடவையும் ஒப்பந்தத்தின் முழு வாசகத்தை எத்தனை ஜாம்பியர்கள் படித்திருப்பார்கள்?

தனியார் முதலீடு வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. 2022-லிருந்து மேல்நிலைப் பள்ளிக் கட்டணத்தையே நீக்கியிருக்கிறார்கள், அந்தப் பணம் எங்கிருந்தாவது வர வேண்டும். ஆனால் "முதலாளித்துவம் வந்துதான் மூச்சு விடுகிறது" என்று இனி எழுத மாட்டேன். 0.6 சதவீதத்தைப் படித்த பிறகு அது கையில் வராது.

---

கிட்வேவாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூச்சு என்றதும் ஒன்று ஞாபகம் வந்தது.

2025 பிப்ரவரி 18-ல் சாம்பிஷி பக்கம் ஒரு சீனக் கம்பெனியின் அமிலக் கழிவு அணை உடைந்தது. கழிவு ஓடையில் இறங்கிக் காஃபூவே ஆற்றில் கலந்தது. கிட்வே குடிநீரே அந்த ஆறுதான். குழாயை நிறுத்திவிட்டார்கள், ஊரில் ஏழு லட்சம் பேர். நான் என் மோட்டார் அறைக் கேனை எடுத்துக்கொண்டு தண்ணீர் லாரிக்குப் போனேன். பக்கத்து வீட்டுப் பெரியவரும் வந்திருந்தார், இரண்டு வாளியோடு. மூன்று மணி நேரம் நின்றோம். ஆற்றோரம் மக்காச்சோளம் போட்டிருந்த ஒரு பெண்மணி வரிசையில் எங்களுக்குப் பின்னால். கதிர் முற்றும் சமயம், இலை எல்லாம் மேலிருந்து கீழாகக் கருகிவிட்டது என்று ஒரு இலையை மடியிலிருந்து எடுத்துக் காட்டினார். பிடித்த இடத்தில் பொடியாக உதிர்ந்தது.

வரிசையில் வைத்துப் பெரியவரிடம், அந்தக் காலத்தில் இப்படி நடந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன். 1981-ல் தான் எத்தனை நாள் வேலைக்குப் போகாமல் இருந்தேன், யார் யாரைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று சொல்ல ஆரம்பித்தார். லாரி வந்துவிட்டது, பாதியில் நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுப்பு. அவர் சொல்வதை முழுதாக எழுதி இங்கேயே போடுகிறேன்.